மீனுக்குக் கேன் தண்ணீர்

மணி பத்தே முக்கால். மூன்றாவது மீனும் ஆட ஆரம்பித்துவிட்டது. ஆட்டம் என்றால் நீந்துவது இல்லை, நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு தலையிலிருந்து வால் வரைக்கும் உடம்பை நெளிக்கிறது, குளிர்ஜுரத்தில் படுத்திருப்பவர்களுக்கு உதறுமே அந்த மாதிரி, முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. முதல் மீன் ஆடியபோது விளையாடுகிறது என்றுதான் நினைத்தேன். நல்ல தண்ணீரைக் கண்ட சந்தோஷம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வெண்டைக்காய் நறுக்கப் போனேன். நாலு காய் நறுக்கவில்லை, திரும்பி வந்து பார்த்தால் ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகியிருக்கிறது. மற்ற இரண்டும் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயை வெளியே நீட்டி நீட்டி மூடுகின்றன. ஐந்தும் கறுப்பு. மோலி என்று பெயராம். நேற்று சாயங்காலம் துடுப்பை விரித்துக்கொண்டு என்ன மிடுக்காகச் சுற்றின, இப்போது ஐந்தும் துடுப்பை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டிருக்கின்றன, குடையை மடக்கியது போல. கோமளா, நீ என்னவோ பண்ணிவிட்டாய். என்ன பண்ணினேன், நல்லதுதானே பண்ணினேன். மீன் தொட்டித் தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது, கண்ணாடியில் வெள்ளையாக உப்புக் கோடு விழுந்திருந்தது. போர் தண்ணீர். இந்த வீட்டுக் குழாயில் வருகிற உப்புத் தண்ணீர், வாயில் வைத்தால் துப்பத் தோன்றும், பக்கெட்டெல்லாம் பூத்துப்போகும், தலைக்கு ஊற்றினால் முடி கொட்டும். அதில் போய் அந்தப் பெண் ஆசையாக வாங்கிவந்த மீனை விட்டிருந்தாள். அவளுக்குத் தெரியாது பாவம், வீட்டுக்குப் புதுசு, எந்தத் தண்ணீரை எதற்கு எடுப்பது என்று கேட்கவும் கூச்சம். அதனால் அவள் வேலைக்குப் போன பிறகு ஒன்பதரை மணிக்கு நான் முக்கால் தொட்டித் தண்ணீரைச் சொம்பால் மொண்டு பாத்ரூமில் கொட்டிவிட்டு, நாங்கள் குடிக்கிற கேன் தண்ணீரை, இருபது லிட்டர் கேன், இடுப்பு வலியோடு சாய்த்துப் பிடித்து, ஒரு கேன் முழுக்க ஊற்றினேன், அடுத்ததிலும் பாதி ஊற்றினேன். கேன் தண்ணீரில் நான் அரிசிகூடக் கழுவ மாட்டேன்.

அவள் என்றால் பெனிட்டா, என் மருமகள். என் ஒரே பையன் கிரி விரும்பிக் கட்டிக்கொண்டவள். தூத்துக்குடிப் பெண், கடலோரத்து ஜனங்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். வில்லிவாக்கத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதமும் நாலு நாளும் ஆகிறது. நாள் எண்ணுகிறேனா, ஆமாம், எண்ணுகிறேன். நாங்கள் முட்டைகூடத் தொடாதவர்கள். நேற்று அவள் பிளாஸ்டிக் பையில் உயிரோடு ஐந்து மீனைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றபோது எதிர்வீட்டு மைதிலி, "என்ன கோமளா, கடைசியில உன் வீட்டுக்கும் மீன் வந்துடுச்சு" என்று சிரித்தாள். பெனிட்டாவின் முகம் சிறுத்துப்போனது. "நீ ஏன் எட்டிப் பாக்கற, உனக்குக் கொழம்பு வராது" என்று நான் சொன்ன பிறகுதான் அவள் உள்ளே காலெடுத்து வைத்தாள். இந்த இரண்டு மாதத்தில் அவள் கேட்டது இது ஒன்றுதான். "அத்தை, ஹால்ல ஒரு சின்ன மீன் தொட்டி வச்சுக்கலாமா, உங்களுக்குப் பரவாயில்லன்னா." பரவாயில்லை. அதுதான் அவள் வார்த்தை. சாம்பாரில் உப்புக் கூடிவிட்டதா, பரவாயில்லை அத்தை. கிரி ராத்திரி சாப்பாட்டுக்கு வரமாட்டானா, பரவாயில்லை அத்தை. முதல் நாள் வாய் தவறி என்னை "மாமி" என்று கூப்பிட்டாள், அவர்கள் ஊரில் மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவார்களாம், கிரி முழங்கையால் இடித்து "அத்தைன்னு சொல்லு" என்றான், அதற்கும் பரவாயில்லை என்கிற மாதிரி தலையை ஆட்டினாள். ஒரு பெண்ணுக்கு எல்லாமே பரவாயில்லை என்றால் எதுவுமே சரியில்லை என்றுதான் அர்த்தம், அது எனக்குத் தெரியாதா, நானும் ஒரு வீட்டுக்கு வந்தவள்தானே. அதனால்தான் எதிலும் நல்லதைப் பார்த்து அவளுக்கு வைக்கிறேன். கல் நன்றாகக் காய்ந்தபின் வருகிற மூன்றாவது தோசை, அந்த முறுகல், அவளுக்கு. காலையில் இறங்குகிற முதல் டிகாக்‌ஷன், கள்ளிச்சொட்டு மாதிரி, அதில் முதல் காபி அவளுக்கு, இவருக்கே அப்புறம்தான். முப்பத்தைந்து வருஷமாக முதல் டிகாக்‌ஷன் குடித்த மனுஷர், ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய் நின்று குடிப்பாள். தானே கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு "நல்லாருந்துச்சு அத்தை" என்பாள். இப்போது இந்த ஐந்தும் செத்து மிதந்தால்? மூன்றரைக்கு வந்துவிடுவாள். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் நேரே தொட்டிக்குத்தான் போவாள். வேண்டுமென்று செய்தேன் என்று நினைப்பாள். நினைக்கமாட்டாள். நினைப்பாள், ஆனால் வாய்விட்டுச் சொல்லமாட்டாள், "பரவாயில்லை அத்தை" என்பாள். அந்தப் பரவாயில்லையை என்னால் தாங்க முடியாது.

போன் பண்ணிச் சொல்லிவிடலாமா. அவள் ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறவள், டியூட்டி நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிடுவாள். தெரிந்தும் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை, அப்பாடா என்று இருந்தது, அப்பாடா என்று இருந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது. இவர் கிருத்திகை என்று திருத்தணிக்குப் போயிருக்கிறார், இருந்தாலும் "மீனுக்கு என்ன, தண்ணியிலதானே இருக்கு" என்பார். நேற்றைய பிளாஸ்டிக் பை ஞாபகம் வந்தது. குப்பைக் கூடையில் கறிவேப்பிலைக் காம்புக்கு அடியில் கிடந்தது, கொளத்தூர்க் கடை, நம்பர் பச்சை எழுத்தில் பாதி அழிந்து இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் தப்பாக அடித்து மூன்றாம் தரம் சரியாக அடித்தேன். ஒரு பெண் எடுத்தாள். பின்னால் தண்ணீர் கொட்டுகிற சத்தம். "நேத்து உங்க கடையில எங்க மருமக அஞ்சு கறுப்பு மோலி வாங்கினா. ஆடுதும்மா" என்றேன். "எப்டி ஆடுது, நின்ன எடத்துலயேவா?" "ஆமா." "இன்னா தண்ணி ஊத்தனீங்க?" "நல்ல தண்ணிதாம்மா. கேன் தண்ணி." அந்தப் பக்கம் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. "கேன் தண்ணியா. ஏங்கா, அதுல இன்னா இருக்குது? இருக்கறதெல்லாம் மெசின்ல எடுத்துட்டு வெறுந்தண்ணியக் குடுக்கறான். நமக்கு அது சரி. இது உப்புத் தண்ணியிலயே பொறந்து வளந்த மீனு. எங்க போர் தண்ணி வாயில வெக்க முடியாது, அதான் இதுக்கு ஒடம்புல ஒட்டும்." அவள் விடவில்லை, "அந்தப் பொண்ணு நல்லா வெவரமாக் கேட்டுனு போச்சேக்கா. எங்கூட்ல உப்புத் தண்ணி வருது, அது சேருமான்னு. போன வாரமே வந்து கேட்டுனு போயி, தண்ணி புடிச்சு வெச்சு மோட்டார் ஓட்டிட்டு, அப்பறம்தான் மீனே வாங்க வந்துச்சு" என்றாள். ஆக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எந்தத் தண்ணீரை எதற்கு எடுப்பது என்று தெரியாதவள் நான்தான். ஹாலில் ஒரு வாரமாக வெறும் தண்ணீரோடு அந்தத் தொட்டி நின்றதே, மோட்டார் குமிழி விட்டுக்கொண்டே இருந்ததே, மீன் இல்லாத தொட்டிக்கு எதற்கு மோட்டார் என்று இவரும் நானும் உள்ளுக்குள் சிரித்தோமே.

"இப்ப என்ன பண்றதும்மா" என்றேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "பதறாதீங்க. மொதல்ல லைட்ட அமத்துங்க, ஹால்லயும் அமத்துங்க. தீனி போடாதீங்க, பசியில சாவாது. மோட்டார் ஓடட்டும். உங்கூட்டு உப்புத் தண்ணிய ஒரு டம்ளர், ஒரே டம்ளர், ஓரமா ஊத்துங்க. அஞ்சு நிமிசம் கழிச்சு இன்னொண்ணு. அப்டியே ஊத்தினே இருங்க. சீக்கிரமாவட்டும்னு மொத்தமா கொட்டினீங்க, அது வேற அடி, தாங்காது. கண்ணாடியத் தட்டாதீங்க. கிட்டப் போயி மொறச்சிப் பாத்துனே இருக்காதீங்க. அதும்பாட்டுக்கு உடுங்க." "பொழச்சுக்குமா?" என்று கேட்டேன். "நாலு பொழைக்கும். அஞ்சும் பொழச்சா உங்க நல்ல நேரம். போங்க, போங்க, போன வெச்சிட்டுத் தண்ணிய ஊத்துங்க" என்றாள். நன்றி சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. பெயர்கூடக் கேட்கவில்லை. முகம் தெரியாத மனுஷி, தன் வேலையைப் போட்டுவிட்டு, குழாயை மூடிவிட்டு, ஒரு கிழவியின் முட்டாள்தனத்துக்கு வழி சொன்னாளே, அவள் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும். லைட்டை அணைத்தேன். ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். பாத்ரூம் குழாயிலிருந்து ஒரு பக்கெட் உப்புத் தண்ணீர் பிடித்து ஹாலுக்குத் தூக்கிவந்தேன், டம்ளரால் மொண்டு தொட்டியின் ஓரமாக, குழந்தைக்கு மருந்து புகட்டுவது போல, வழியவிட்டேன். மணி பதினொன்று பத்து.

ஒரு டம்ளர். ஐந்து நிமிஷம். ஒரு டம்ளர். ஐந்து நிமிஷம் என்பது இவ்வளவு நீளமா. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று தலையைத் திருப்பிக்கொள்வேன், திருப்பிய கண் தொட்டிக்குப் போகும், முறைத்துப் பார்க்கக் கூடாது என்று சொன்னாளே என்று பக்கெட்டைப் பார்ப்பேன், பக்கெட்டின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிற உப்பை நகத்தால் சுரண்டுவேன். இந்தத் தண்ணீரை நான் திட்டாத நாள் கிடையாது. துணி வெளுக்கவில்லை என்றால் இந்தத் தண்ணீர், பருப்பு வேகவில்லை என்றால் இந்தத் தண்ணீர். பால்கனியில் மல்லிச் செடிக்கு ஒரு மாதமாக என்னவோ கேடு, இலை பழுத்துக் கொட்டுகிறது, வேரடியில் எறும்பு மொய்க்கிறது, மஞ்சள்தூள் தூவியும் போகவில்லை, அதற்கும் இந்தத் தண்ணீர்தான் காரணம் என்று பழி போட்டேன். கல்யாணமாகி வந்த புதிதில் இங்கே லாரித் தண்ணீர்தான், தெருமுனையில் குடத்தோடு நின்று முட்டி மோதி, ஒரு நாள் என் வளையல் உடைந்து கையெல்லாம் ரத்தம். அந்த வருஷம்தான் மாமனார் போர் போட்டார். இருநூறு அடியில் தண்ணீர் பீச்சி அடித்தபோது ஓடிப்போய் வாயில் விட்டுக்கொண்டு எல்லாரும் ஒரே சமயத்தில் துப்பினோம். துப்பினோமே ஒழிய, அதற்குப் பிறகு ஒரு நாளாவது குடத்தோடு தெருமுனைக்குப் போனேனா. கிரியைக் குளிப்பாட்டியது இதில், அவன் துணி துவைத்தது இதில், வெள்ளம் வந்த வருஷமும் சரி, பஞ்சம் வந்த வருஷமும் சரி, திறந்தால் வந்தது. ஒரு தரம்கூட அதற்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. இப்போது டம்ளரில் மொள்ளும்போது சொன்னேன், வாய்விட்டே சொன்னேன், "எப்பா, உன்னைத்தான் நம்பியிருக்கேன்" என்று. பைத்தியம் என்று நினைக்க வீட்டில் யாரும் இல்லை.

பன்னிரண்டு ஐந்து. மேலே வந்து வாய் பிளந்த இரண்டும் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கின்றன. ஆடுகிற மூன்றும் ஆடிக்கொண்டுதான் இருக்கின்றன, ஒன்று மட்டும், வால் ஓரத்தில் வெள்ளைப் புள்ளி உள்ள குட்டி, மூலையில் போய்ச் சாய்ந்துகொண்டிருக்கிறது. நான் எதிர்ச் சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பகலில் வீடு இப்படி இருட்டாக இருந்து பார்த்ததே இல்லை. இல்லை, பார்த்திருக்கிறேன். ஒரு தரம். இதே ஹாலுக்கு அடுத்த ரூமில், நான் வந்த அன்று. பதினாலு பேர் வீட்டில், அதற்கு மேல் பெண்ணைப் பார்க்க வந்த தெருக்காரர்கள். டியூப் லைட் பளீரென்று முகத்தில் அடிக்கிறது, நகையைத் தொட்டுப் பார்க்கிறார்கள், முடி சொந்த முடியா என்று இழுத்துப் பார்க்கிறார்கள், இன்னும் ஒரு ஜாங்கிரி சாப்பிடு, இந்தா பாயசம், ஏன் பேசமாட்டேன் என்கிறாய், கூச்சமா, நம் வீட்டில் என்ன கூச்சம். எல்லாரும் நல்லவர்கள். ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. அத்தனை நல்லவர்கள் நடுவில் எனக்கு மூச்சு வரவில்லை. அப்போதுதான் இவருடைய அக்கா, அலமேலு அண்ணி, அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவர், உள்ளே வந்து, "பொண்ணுக்குத் தலைவலியாம், எல்லாரும் வெளிய போங்க" என்றார். எனக்குத் தலைவலி இல்லை. லைட்டை அணைத்தார். ஜன்னலைச் சாத்தினார். சாப்பாட்டுத் தட்டையும் எடுத்துக்கொண்டு போனார். என்னைத் தொடவில்லை, சமாதானம் சொல்லவில்லை. கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பூ கட்டிக்கொண்டிருந்தார், யார் வந்தாலும் "தூங்கறா" என்ற அவர் குரல் எனக்கு உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது. நான் தூங்கவில்லை, அழவும் இல்லை, இருட்டில் சும்மா படுத்திருந்தேன். எழுந்து வந்தபோது அந்த வீட்டில் இருக்க முடியும் என்று தோன்றியது. முப்பத்தைந்து வருஷம் இருந்துவிட்டேன். அதற்கு நான் அண்ணிக்கு நன்றி சொன்னதே இல்லை, எப்படிச் சொல்வது, லைட்டை அணைத்ததற்கு நன்றி என்றா. இப்போது ஓசூரில் பையனோடு இருக்கிறார், காது சரியாகக் கேட்பதில்லை. இன்று அந்தக் கொளத்தூர்ப் பெண் லைட்டை அமத்துங்கள் என்றதும் எனக்கு ஏன் கண் கலங்கியது என்று இப்போதுதான் புரிகிறது. ஞாயிற்றுக்கிழமை ஓசூருக்குப் போன் பண்ண வேண்டும், கத்தியாவது சொல்ல வேண்டும்.

ஒன்றரை மணிக்கு வெள்ளைப் புள்ளிக் குட்டி செத்துவிட்டது. சாகும்போது நான் பார்க்கவில்லை, இருபத்தெட்டாவது டம்ளர் ஊற்றப் போனபோது பக்கவாட்டில் படுத்திருந்தது, செவுள் அசையவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தேன், உதறிக்கொண்டு எழுந்துவிடும் என்று. மற்ற நாலும் தள்ளி நின்றன. நாலு பிழைக்கும் என்றாள், கணக்காகச் சொல்லிவிட்டாள். டீ வடிகட்டியால் எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். உயிரோடு இருந்தாலும் செத்தாலும், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மீனைக் கையில் வைத்திருக்கிறேன், வழவழப்பாக, ஒரு புளியங்கொட்டை கனம்கூட இல்லை. மன்னிச்சுக்கோ என்றேன். கேன் தண்ணீர் ஊற்றிக் கொன்றேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது. குப்பையில் போட மனசு வரவில்லை. பால்கனிக்குக் கொண்டுபோய் மல்லிச் செடித் தொட்டியில் வேரடியில் புதைக்கலாம் என்று பழைய கரண்டியால் மண்ணைக் கிளறினேன். எறும்பு பொலபொலவென்று வந்தது. அதோடு ஒரு வாசனை வந்தது. முதலில் எனக்குப் புரியவில்லை, எங்கோ தெரிந்த வாசனை, ரொம்பத் தெரிந்த வாசனை, ஆனால் இங்கே இருக்கக் கூடாத வாசனை. மண்ணை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். பிசுபிசுப்பாக, பழுப்பாக, புளித்த பாலோடு சேர்ந்த காபி. ஒரு நாள் காபி இல்லை. அறுபது நாள் காபி.

மீனைப் புதைத்து மண்ணை மூடிக் கையைக் கழுவி வந்து இருபத்தொன்பதாவது டம்ளரை ஊற்றுகிற வரைக்கும் எனக்கு எதுவும் தோன்றவில்லை. அப்புறம் கோபம் வந்தது. எப்பேர்ப்பட்ட கோபம். விடிந்ததும் எழுந்து, புதுத்தூள் போட்டு, பால் பொங்கப் பொங்க நுரையோடு ஆற்றி, கட்டின புருஷனுக்குக்கூடக் கொடுக்காமல் கையில் கொண்டுபோய்க் கொடுத்தால், செடிக்கு ஊற்றினாளா. "நல்லாருந்துச்சு அத்தை" என்றாளே. அறுபது நாளும் சொன்னாளே, என்ன அழுத்தம். வரட்டும், கேட்கிறேன். கேட்டு? பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன, நான் என்ன கடித்தா தின்றுவிடுவேன் என்று கேட்டு? அவளால் எப்படிச் சொல்ல முடியும், முதல் டிகாக்‌ஷன் என்று தினமும் நானே சொல்லிச் சொல்லித்தானே கொடுத்தேன், மாமாவுக்குக்கூட இல்லை உனக்குத்தான் என்று. அவ்வளவு உசத்தியானதை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வாள். குடிக்கவும் முடியாது, கீழே வைக்கவும் முடியாது, டம்ளரோடு பால்கனியில் போய் நின்றிருப்பாள். காலையில் வெறும் வயிற்றோடு எட்டு மணி டியூட்டிக்குப் போயிருக்கிறாள், மெலிந்திருக்கிறாள், ஊர் ஏக்கம் என்று நான் நினைத்தேன். நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் கெட்டியாகப் போட்டேன். ஒன்பதரைக்கு இடுப்பு வலியோடு கேனைச் சாய்த்தேனே, அதே கைதானே காபியையும் ஆற்றியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருட்டு ஹாலில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது. மல்லிச் செடிதான் பாவம். ஆனால் அந்தச் செடிக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும், அவள் வாங்கிக்கொள்ள முடியாததை எல்லாம் அது வாங்கிக்கொண்டிருக்கிறது. இவள் அந்த அறுபது டம்ளரையும் குடித்துவிட்டு ஒரு நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன், காரணம்கூடத் தெரிந்திருக்காது. இரண்டே கால். ஆடுகிற மீன்களில் ஒன்று ஆட்டத்தை நிறுத்திவிட்டு, பொறுமையாக ஒரு முழம் நீந்திப் போய், திரும்பி வந்தது. நான் எழுந்திருக்கவில்லை, கையெடுத்துக் கும்பிட்டேன்.

மூன்று இருபதுக்கே வந்துவிட்டாள். தவறின அழைப்பைப் பார்த்திருக்கிறாள், திரும்ப அடிக்காமல் ஓடிவந்திருக்கிறாள், மூச்சு வாங்குகிறது. "என்ன அத்தை, லைட் போடல? உடம்பு சரியில்லையா?" "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. மீனுக்குத்தான்" என்றேன். எப்படிச் சொல்வது என்று நாலு மணி நேரம் கோத்துவைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. கேன் தண்ணீரைச் சொன்னேன், தொட்டியைப் பாதிக்கு மேல் கொட்டியதைச் சொன்னேன், கொளத்தூருக்குப் போன் பண்ணியதைச் சொன்னேன், டம்ளரைக் காட்டினேன். அவள் தள்ளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து எண்ணினாள். "நாலுதான் இருக்கு." "ஒண்ணு போயிடுச்சு. என் தப்புதான்." இப்போது சொல்லப்போகிறாள், அந்த வார்த்தையை, என்று நான் உடம்பை இறுக்கிக்கொண்டேன். சொல்லவில்லை. "அந்தப் புள்ளி வச்ச குட்டியா" என்றாள், முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். என் முன்னால் அழுதாள். பரவாயில்லை என்று சொல்லாமல் அழுதாளே, அதற்கு நான் யாருக்கு நன்றி சொல்ல. அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்க போட்டீங்க அத்தை?" என்றாள். "மல்லிச் செடித் தொட்டியில புதைச்சேன்." அவள் முகம் மாறியது. "மல்லிச் செடியிலயா. தோண்டினீங்களா?" "தோண்டாம எப்படிம்மா பொதைக்கறது." நான் அவளைப் பார்க்காமல் பக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிட்டப் போகாதே கோமளா, தட்டாதே, அதும்பாட்டுக்கு விடு.

"மாமி" என்றாள். தவறிவிட்டது என்று திருத்திக்கொள்ளவில்லை. "ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக் கூடாது." "சொல்லு." "எனக்குப் பால் காப்பி சின்னப் பிள்ளையில இருந்தே எறங்காது மாமி, கொமட்டிட்டு வரும். நீங்க மாமாவுக்குக்கூடக் குடுக்காம எனக்குத் தாறீங்க, வேண்டாம்னு எப்படிச் சொல்லுவேன். செடிக்கு ஊத்திட்டேன். ரெண்டு மாசமா." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். எறும்பைப் பற்றி நான் சொல்லவில்லை. மூக்கருகே மண்ணைக் கொண்டுபோனதைப் பற்றியும் சொல்லவில்லை, இந்த ஜன்மத்தில் சொல்லமாட்டேன். அவளாகச் சொன்னது அவளாகச் சொன்னதாகவே இருக்கட்டும். "அப்ப என்னதான் குடிப்ப?" என்று கேட்டேன். "கடுங்காப்பி. கருப்பட்டி போட்டு. அம்மா குடுத்துவிட்ட கருப்பட்டி பெட்டியில அடியில அப்படியே கெடக்கு." "எடுத்துட்டு வா" என்றேன். சமையலறைக்குப் போனாள். நான் பின்னால் போகவில்லை. தூள் டப்பா மேல்தட்டில் இருக்கிறது என்று சொல்ல நாக்கு வரை வந்தது, சொல்லவில்லை, அவளே தேடினாள், இரண்டு டப்பாவை மாற்றித் திறந்தாள், கண்டுபிடித்தாள். கருப்பட்டியை நசுக்குகிற சத்தம் கேட்டது. வெல்லம் என்றும் சொல்ல முடியாமல் புகை என்றும் சொல்ல முடியாமல் ஒரு வாசனை இந்த வீட்டில் முதல் தடவையாக எழுந்து வந்தது. இரண்டு டம்ளரில் கொண்டுவந்தாள், ஒன்றை என்னிடம் கொடுத்தாள். கறுப்பாக இருந்தது, நாலு மீனின் கறுப்பு. ஒரு வாய் குடித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்படி இருக்கு மாமி?" நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டு, "எனக்குப் பிடிக்கலம்மா" என்றேன். அவள் ஒரு கணம் திகைத்து, அப்புறம் சிரித்தாள். இரண்டு மாதத்தில் அவளுக்குச் சத்தமாகச் சிரிக்கத் தெரியும் என்று இன்றுதான் தெரிந்தது. என் டம்ளரையும் வாங்கித் தன் டம்ளரில் ஊற்றிக்கொண்டு, சுவரில் சாய்ந்து, என் பக்கத்தில், அத்தனையையும் குடித்தாள். மணி நாலு ஐந்து. அடுத்த டம்ளர் உப்புத் தண்ணீரை அவள்தான் ஊற்றினாள்.